கிணத்துப் பக்கம், ரோட்டுப் பக்கம்

காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் டிரைவர் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கீழே மூன்று மிதி இருக்கிறது, எதை மிதித்தால் என்ன ஆகுமோ, எங்கள் லோடு வண்டி வேறு முன்சக்கரம் இரண்டையும் தூக்கிக்கொண்டு ஜாக்கி மேலேயும் கல்லு மேலேயும் நிற்கிறது, தண்ணியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கிற எருமை மாதிரி. நைட்டியை முழங்காலுக்குக் கீழே இழுத்துச் செருகி, மேல்துண்டைச் சரிபண்ணிக்கொண்டு, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். “ஏம்புள்ள, பந்தியிலயா உக்காந்திருக்கற? எலை போடட்டுமா?” என்றார். நான் காலை இறக்கவில்லை. பானெட்டைத் தூக்கி நிறுத்தியிருப்பதால் அவர் முகம் மறைந்துவிட்டது, அடியில் இருக்கிற சந்தில் கை மட்டும் தெரிகிறது, எண்ணெய்க் கை. பவர் ஸ்டியரிங் ஆயிலை மாற்ற வேண்டும், இத்தனை நாள் உள்ளே ஓடிக் கறுத்துப்போனதை வெளியே தள்ளிப் புதுசை ஊற்ற வேண்டும், அதற்கு ஒரு ஆள் ஊற்ற வேண்டும், இன்னொரு ஆள் ஸ்டியரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். போனில் யாரோ இந்திக்காரன் செய்கிற வீடியோவை நேற்றிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். பேச்சு புரியாவிட்டால் என்ன, கையைப் பார்த்தால் போதும் என்கிறார். முதலில் லெப்ட்டு, ரைட்டு என்றுதான் சொன்னார். அவர் என்னைப் பார்த்து நிற்கிறார், நான் அவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன், அவருக்கு லெப்ட்டு எனக்கு ரைட்டு, சோத்தாங்கை, பீச்சாங்கை என்று மாற்றிச் சொல்லியும் சரிப்படவில்லை. “சரி விடு. கிணத்துப் பக்கம், ரோட்டுப் பக்கம். இது தெரியுமில்ல?” இது தெரியும். கிணத்துப் பக்கம் திருப்பினேன்.

எஞ்சின் ஓடவில்லை, அதனால் கல்லாட்டம் இருக்கிறது. எஞ்சின் ஓடினால்தான் பவர் வருமாம், இப்போது திருப்புவது ஆயிலைத் தள்ளுவதற்கு மட்டும். தோளைக் கொடுத்துத்தான் திருப்ப வேண்டியிருக்கிறது. கொஞ்சம் போகிறது, நிற்கிறது, மறுபடி கொஞ்சம். களி கிண்டும்போது கடைசியில் துடுப்பு இப்படித்தான் கனக்கும், இரண்டு காலாலும் பானையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு கிண்டுவேன், மாவு வெந்துவிட்டது என்று கைக்குத்தான் முதலில் தெரியும், அப்புறம்தான் கண்ணுக்கு. “ரோட்டுப் பக்கம்” என்றார். திருப்பினேன். கழற்றிவிட்ட ட்யூபிலிருந்து பாட்டிலுக்குள் கொட்டுகிற சத்தம் கேட்கிறது, கொளக் கொளக்கென்று. பாப்பா எழுந்துவிடுவாளோ என்று திரும்பிப் பார்த்தேன். தகரச் சார்ப்புக் கம்பியில் கட்டின தூளி அசையாமல் தொங்குகிறது, ஒரு குட்டிக் கால் மட்டும் வெளியே. இந்தச் சத்தமெல்லாம் அவளுக்குத் தாலாட்டு. அவளுக்குப் பிடிக்காத சத்தமே இந்த வண்டியில் கிடையாது. மழைக்காலத்திலிருந்து ஸ்டியரிங்கைத் திருப்பினாலே ஙொய்ங் என்று ஒரு ஊளைச் சத்தம் வருகிறதே, அதற்குக்கூட அவள் சிரிப்பாள். சாயங்காலம் முக்கில் வண்டி திரும்பும்போது அந்த ஊளை கேட்கும், இவள் தவழ்ந்துகொண்டிருந்தால் அப்படியே நின்று வாசலைப் பார்ப்பாள், நான் அடுப்பில் டீத்தண்ணியை வைப்பேன். ஊர்க்காரர்களுக்கு அது வண்டி ரிப்பேர். எங்கள் இரண்டு பேருக்கும் அது அவர் வந்துவிட்டார் என்பது. ஆனால் அந்த ஊளைதான் அவரை இங்கிருந்து கொண்டுபோகப் பார்க்கிறது. கொல்லிமலைக்குத் தினமும் ஏறி இறங்குகிற வண்டி, மேலிருந்து அன்னாசியும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு வர வேண்டும், எழுபது வளைவு, ஒவ்வொன்றிலும் இந்தக் கல்லு ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பி முழுசாக மீட்க வேண்டும். போன வாரம் ஒரு வளைவில் ஸ்டியரிங் முழுசாக வராமல் வண்டி பாதியில் நின்றுவிட்டது, ஒரு பக்கம் பள்ளம், பின்னால் பஸ்ஸு. பின்னுக்கு எடுத்து மறுபடி திருப்பித்தான் வந்தாராம். சோறு சாப்பிடும்போது அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டு, பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டார். ஆயில் மாற்றியும் சரியாகவில்லை என்றால் ஸ்டியரிங் பாக்ஸே போயிருக்கும், அதை மாற்றுகிற செலவு தாங்காது, வண்டியை நிறுத்திவிட வேண்டியதுதான் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். நிறுத்தினால் ஓசூர். அவர் சிநேகிதர் குமரேசன் அங்கே கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார், ஒரு ஆள் வேணும், இன்றைக்கு மத்தியானத்துக்குள் சொல் என்கிறார். பம்பாய், குஜராத் என்று போகிற லாரி. மாசத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரலாம். மாசத்துக்கு ஒருமுறை என்றால் பாப்பா ஒவ்வொரு முறையும் புது ஆளைப் பார்ப்பது மாதிரி பார்ப்பாள்.

“ஏனம்மிணி மேகலா, நீ எப்ப டிரைவரான? நாமக்கல்லுக்கு ஒரு டிக்கெட்டு குடு.” மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு ருக்குமணியக்காவின் தலை, தலையில் துண்டு, வாயில் பல்பொடி. எனக்குக் காது சுட்டது. குனிந்துகொண்டேன். அவர்தான் பதில் சொன்னார். “டிக்கெட்டு முடிஞ்சுதுங்கக்கா. லோடு பின்னால வேணா ஏறிக்கங்க, அன்னாசிக்கு நடுவுல.” “போடா எடுபட்டவனே” என்று அக்கா சிரித்துக்கொண்டே துப்பப் போனாள். எனக்கு ஏன் அப்படி ஒரு பதில் வராது? மனசுக்குள் வரும், நன்றாகவே வரும், வாய்க்கு வருவதற்குள் எதிரில் இருக்கிறவர் போயிருப்பார். ஆறாம் வகுப்பில் பாடம் படிக்க எழுப்பிவிட்டார்கள், எழுத்தெல்லாம் தெரிந்தது, என்ன எழுதியிருக்கிறது என்றும் தெரிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. வாயில என்ன கொழுக்கட்டையா என்று டீச்சர் கேட்டார், மொத்த வகுப்பும் சிரித்தது, நானும் கூடச் சிரித்தேன், சிரிப்புக்கும் சத்தம் வரவில்லை. ஏழாவதோடு கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போனேன். கோழிகளிடம் பேச்சே வேண்டாம், ஆயிரம் கோழி கத்துகிற இடத்தில் நான் பேசாமலிருந்தது யாருக்கும் தெரியவில்லை. கல்யாணம் ஆகி மறுவீட்டுக்கு இந்த வண்டியில்தான் போனோம், நான் அந்தப் பக்கத்துச் சீட்டில், மடியில் பலகாரத் தூக்கு. என்னென்னவோ கேட்டார். தலையை ஆட்டினேன், அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறவர், தலையாட்டினதை எங்கே பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து ஸ்டியரிங்கைத் தட்டி, “ஏங்கண்ணு, அவிங்களுக்கு நம்ம மேல என்னமோ கோவமாட்ட இருக்குது, நீயாச்சும் கேட்டுச் சொல்லு” என்றார் வண்டியிடம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றைக்குப் போகிற வழியெல்லாம் வண்டியிடம்தான் பேசினார், நான் கேட்டுக்கொண்டே வந்தேன். இப்போது அந்த ஸ்டியரிங் என் கையில் இருக்கிறது, உறை உரிந்து, அவர் உள்ளங்கை படுகிற இடம் மட்டும் வழவழவென்று. நான் அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டேன்.

“கிணத்துப் பக்கம். ம்ம். ரோட்டுப் பக்கம். நிறுத்து, நிறுத்து. இங்க எறங்கவே மாட்டேங்குது.” புது ஆயிலை ஊற்ற ஊற்ற டப்பாவில் மேலேயே நிற்கிறதாம், மெதுவாகத்தான் உள்ளே போகிறதாம். காத்திருந்து காத்திருந்து ஊற்றுகிறார். டீ வடிகட்டியில் தூள் அடைத்துக்கொண்டால் இப்படித்தான் மேலே குளம் கட்டும், கரண்டியால் ஒரு கிளறு கிளறினால் சரக்கென்று இறங்கும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. அவர் வீடியோ பார்த்தவர், வண்டியோடு இருக்கிறவர், நான் டீ வடிகட்டியைப் பற்றிப் பேசவா? ஒரு வழியாகப் பாட்டிலில் விழுகிற கறுப்பு பழுப்பாகி, பழுப்பு சிவப்பாகி, “வந்துருச்சு, ரத்தமாட்டம் வந்துருச்சு” என்று கூவினார். கொண்டுவந்து காட்டினார். இந்தக் கையில் பழசு, புளிக்கரைசல் மாதிரி. அந்தக் கையில் புதுசு, ரோஸ் மில்க் மாதிரி. ட்யூபை மாட்டி, கிளிப்பை இறுக்கி, கல்லை எடுத்து வண்டியைத் தரையில் இறக்கினார். எருமை தலையைக் குனிந்துகொண்டது. அவரே ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார், எஞ்சின் குலுங்கியது, என் சம்மணமும் சேர்ந்து குலுங்கியது. “எறங்காத, நீயே திருப்பிப் பாரு. எப்பிடி இருக்குதுன்னு சொல்லு” என்று டப்பாவைப் பார்க்க முன்னால் போனார். திருப்பினேன். ஙொய்ங். அதே ஊளை. கனம் கொஞ்சம் குறைந்திருக்கிறதா? இல்லை. இருக்கிறதா? திருப்பும்போது நடுவில் ஒரு இடத்தில் அழுத்திப் பிடிக்கிறது, யாரோ அந்தப் பக்கத்திலிருந்து விட மாட்டேன் என்று பிடித்திருக்கிற மாதிரி. ஊளையை அவரும் கேட்டிருப்பார், ஆனால் ஊளை போகக் கொஞ்ச நாள் ஆகும் என்று வீடியோவில் இருக்கலாம். கனம் மட்டும் என் கைக்குத்தான் தெரியும். லேசாயிடுச்சுங்க என்று சொன்னால் போதும். நம்பிவிடுவார், நம்பத்தான் ஆசைப்படுகிறார், சந்தில் தெரிகிற கை கூட அசையாமல் காத்திருக்கிறது. சொன்னால் ஓசூர் இல்லை, பம்பாய் இல்லை, சாயங்காலம் டீத்தண்ணி உண்டு. சொன்னால் நாளைக்கு விடிய மலை. முதல் வளைவில் பரவாயில்லை, பத்தாவதில் பரவாயில்லை, லோடு ஏற்றி இறங்கும்போது ஏதோ ஒரு வளைவில் இதே இடம் அழுத்திப் பிடிக்கும், ஒரு பக்கம் பள்ளம், பின்னால் பஸ்ஸு. அப்போது ஸ்டியரிங்கில் என் வார்த்தைதான் இருக்கும். என் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவர் திருப்புவார். “எப்பிடி புள்ள?” லேசா என்று நாக்கு எழுந்தது. நடுவில் பிடிக்கிற அந்த இடம் மறுபடி கைக்கு வந்தது. “இல்லீங்க” என்றேன். “இன்னும் இறுக்கந்தானுங்க.”

வந்து சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். திடீரென்று எல்லாம் அமைதியாகிவிட்டது, மதிலுக்கு அந்தப் பக்கம் அக்கா பாத்திரம் கழுவுகிற சத்தம், ஒரு காக்கா. அவர் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார், ஜன்னல் வழியாக உச்சந்தலை தெரிகிறது, சுழியும் தெரிகிறது, பாப்பாவுக்கும் அதே இடத்தில் சுழி. போன் டேஷ்போர்டில் என் முன்னால் கிடக்கிறது. எடுத்துக் கொடு என்று கேட்டுவிடுவார், அடுத்த நிமிஷம் கேட்டுவிடுவார். “பாக்ஸ்தான் போலிருக்குது” என்றார், யாரிடமோ சொல்வது மாதிரி. “அந்த மெக்கானிக்கு அன்னிக்கே கண்டதை ஊத்தி வெச்சிருப்பான்.” கையைத் துணியில் துடைக்கிறார். விரல் விரலாகத் துடைக்கிறார். துடைத்து முடித்தால் போனுக்குத்தான் வருவார். எனக்கு மனசை விட்டு அந்த டீ வடிகட்டி போகவே மாட்டேன் என்கிறது. பொய்யே சொல்லாமல் வாயைத் திறந்தாகிவிட்டது, இன்னொரு முறை திறந்தால் என்ன. “ஏனுங்க.” அவர் நிமிர்ந்தார். “அந்த டப்பாவுக்கு அடியில வடிகட்டியாட்டம் ஏதாச்சும் இருக்குங்களா?” “இருக்கும், சல்லடை ஒண்ணு இருக்கும். ஏன்?” “இல்ல, எறங்க மாட்டேங்குதுன்னீங்களே. டீ வடிகட்டி அடைச்சா அப்பிடித்தான்...” சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. எழுந்து, புது ஆயிலையெல்லாம் பாட்டிலில் வடித்து வைத்துவிட்டு, ஸ்பேனரை எடுத்து டப்பாவையே கழற்றிவிட்டார். கவிழ்த்துத் தட்டினார். அடியில் தட்டை தட்டையாக ஒரு சேறு. “எவன்டா இதுக்குள்ள சாணியப் போட்டது? இந்த மெக்கானிக்க...” என்று ஆரம்பித்தவர் ஒரு துண்டை விரலில் எடுத்து ஜன்னலுக்கு நீட்டினார். வாங்கித் தேய்த்துப் பார்த்தேன். மேலே கறுப்பு, பிய்த்தால் உள்ளே மஞ்சள். நறநறவென்று இல்லை, மாவாக இருக்கிறது. எண்ணெய் நாற்றத்துக்கு அடியில், மிக அடியில், இன்னொரு வாசம். எனக்குத் தெரிந்த வாசம்தான், ஒவ்வொரு அமாவாசையும் இந்த வாசலில் அடிக்கிற வாசம். சொல்லலாமா? வீட்டுச் சாமிக்குக் கை கூட எடுக்க மாட்டார், வண்டிச் சாமிக்கு ஒரு அமாவாசை தவற மாட்டார். எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி, உள்ளங்கையிலேயே சந்தனம் குழைத்து, பானெட்டைத் தூக்கி உள்ளே இருக்கிற எல்லா மூடிக்கும் பொட்டு வைப்பார், குழந்தைக்கு வைப்பது மாதிரி ஆசையாக, தடிமன் தடிமனாக. “சந்தனமுங்க” என்றேன். “என்னது?” “நீங்க வெக்கிறது. பொட்டு வெச்ச கையோட மூடியத் தொறந்து ஆயில் பாப்பீங்களே.”

அவர் மூடியைப் பார்த்தார். போன அமாவாசைப் பொட்டு அதில் வெடித்து ஒரு ஓரம் உதிர்ந்திருக்கிறது. விரலைப் பார்த்தார். மறுபடி மூடியை. பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணி வர. “மாசாமாசம் நானே ஊட்டி விட்டிருக்கறன் புள்ள!” மதிலில் மறுபடி துண்டுத் தலை. “என்னடா பூபதி, வண்டிக்கு என்னவாம்?” “தொண்டையில சந்தனம் சிக்கிக்கிச்சுங்கக்கா.” “அதான பாத்தன், மனுசனே ஒரு வாய்க்கு மேல பிரசாதம் திங்க முடியாது.” இந்த முறை நானும் சிரித்தேன். சத்தம் வந்தது, எனக்கே கேட்டது. அவர் டப்பாவை டீசலில் குலுக்கிக் குலுக்கி, என் பழைய பல் தேய்க்கிற பிரஷை வாங்கிச் சல்லடையைத் தேய்த்தார். வெள்ளைத் துணியில் கவிழ்த்துக் காய வைத்தார், துணியில் கறை இல்லாத வரை விடவில்லை. மாட்டினார், ஊற்றினார். சரக்கென்று இறங்கியது என்று இங்கிருந்தே தெரிந்தது, அவர் “அட” என்றார். மறுபடி ஜாக்கி, மறுபடி கிணத்துப் பக்கம், ரோட்டுப் பக்கம், காற்றெல்லாம் நுரை நுரையாக வெளியே வரும் வரைக்கும். எனக்குக் கை வலித்தது, நன்றாக இருந்தது அந்த வலி. பிறகு தரை. சாவி. எஞ்சின். நான் இரண்டு கையையும் அதே வழவழப்பில் வைத்துத் தோளைக் கொடுத்துத் திருப்பினேன், தோளுக்கு வேலையே இல்லை, ஸ்டியரிங் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது, கிணத்துப் பக்கம் முழுக்க. பயந்து விட்டுவிட்டேன். மறுபடி பிடித்து ரோட்டுப் பக்கம். நடுவில் அந்த இடத்தைத் தேடினேன். இல்லை. மெதுவாகத் தேடினேன், வேகமாகத் தேடினேன். பிடித்திருந்த ஆள் விட்டுவிட்டுப் போய்விட்டான். ஊளையும் இல்லை. எஞ்சின் மட்டும் தன்பாட்டுக்கு ஓடுகிறது. ஊளை இல்லை என்று தெரிந்ததும் ஒரு நொடி துணுக்கென்றது. இனி முக்கில் திரும்புவது எப்படித் தெரியும், பாப்பா எதைக் கேட்டு வாசலைப் பார்ப்பாள். “ஏனுங்க” என்றேன், இன்றைக்கு மூன்றாவதோ நாலாவதோ தடவையாக வாயைத் திறந்து. “நாளைலிருந்து முக்குல திரும்பறப்ப ஒருக்கா ஆரன் அடிச்சிட்டு வாங்க.” “எதுக்கு?” “சும்மாதானுங்க.” அவருக்குப் புரிந்ததோ என்னவோ, அடிக்கறன் என்றார். அடியில் எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பார்க்க, கையிலும் முழங்கையிலும் ஆயிலோடு வண்டிக்குக் கீழே நுழைந்துவிட்டார்.

அப்போது போன் அடித்தது. டேஷ்போர்டில் நடுங்கி நடுங்கி என் பக்கம் நகர்ந்து வந்தது. குமரேசன் என்று எழுதியிருந்தது, அது எனக்குப் படிக்க வந்தது. “குமரேசன் அண்ணனுங்க” என்றேன் கீழே பார்த்து. “எடு.” “நானுங்களா?” “எங்கையப் பாரு, எண்ணெயி. எடுத்துச் சொல்லு.” “என்னன்னு சொல்றதுங்க?” வண்டிக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. “உங்கையிலதான இருக்குது ஸ்டியரிங்கு. எப்பிடி இருக்குதோ அதைச் சொல்லு.” நான் போனே எடுப்பதில்லை. எடுத்தாலும் ம்ம், ம்ம் என்பேன், அந்தப் பக்கத்து ஆள் அலோ, அலோ என்று கத்தி வைத்துவிடுவார். வகுப்பில் எழுந்து நின்றது மாதிரி இருந்தது. எழுதியிருப்பது தெரியும், என்னவென்றும் தெரியும். பச்சையைத் தள்ளிக் காதில் வைத்தேன். “டேய் பூபதி, என்னடா முடிவு பண்ணின? இங்க ஆள் நிக்கறான்.” “அண்ணா” என்றேன். “ஆரு, தங்கச்சியா? பூபதி எங்கம்மா?” இன்னொரு கையால் ஸ்டியரிங்கை ஒரு முறை திருப்பிப் பார்த்தேன், கடைசியாக ஒரு முறை, அந்த நடு இடத்தைத் தாண்டி. “லேசா இருக்குதுங்கண்ணா.” “என்னம்மா லேசா?” “ஸ்டியரிங்குங்க. வண்டி சரியாயிடுச்சுங்க.” அந்தப் பக்கம் லாரிச் சத்தமும் யாரோ யாரையோ திட்டுவதும் கேட்டது. வண்டிக்கு அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றுவிட்டது. “அவரு வரலீங்கண்ணா” என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன் போல, தூளியில் அந்தக் குட்டிக் கால் இரண்டு முறை உதைத்தது. “சரிம்மா, நல்லதாப் போச்சு, வெச்சரட்டுமா” என்று வைத்துவிட்டார். போனை டேஷ்போர்டில் வைத்தேன். என் கால் இரண்டும் எப்போதோ கீழே இறங்கி மிதிகளுக்குப் பக்கத்தில் நிற்கின்றன, எப்போது இறக்கினேன் என்று தெரியவில்லை. பாப்பா சிணுங்க ஆரம்பிக்கிறாள், இறங்கிப் போக வேண்டும், பால் கட்டுகிறது. ஒரே ஒரு விரலால் கிணத்துப் பக்கம் திருப்பினேன். யாரும் சொல்லவில்லை, ரோட்டுப் பக்கமும் திருப்பினேன்.